இடது தோளில் நில்லாத மாலை

போன தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு வந்த ஒரு வியாழக்கிழமை தஞ்சாவூர் போனேன். முதல் நாள் அருங்காட்சியகம், மறுநாள் காவிரிக்கரையில் என் சொந்த ஊர், சனிக்கிழமை கோவைக்குத் திரும்புவது என்று திட்டம். வழக்கமாக நான் ஒரு ஊருக்குப் போகப் பெரிய காரணம் எதுவும் இருக்காது. லீவு இருந்தது, டிக்கெட் கிடைத்தது என்று கிளம்பிவிடுவேன். இந்த முறை காரணம் இருந்தது. இருபத்தாறு வருஷமாகவே இருந்தது, தைரியம்தான் வரவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெயரையும் அருங்காட்சியகத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. பயணக் கட்டுரையில் ஊர்ப் பெயரை மறைப்பவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மனு போயிருக்கிறது. முடிவு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தஞ்சாவூரில் பழைய சிலைகளைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கூடம் எங்கே என்று நாலு பேரைக் கேளுங்கள், ஐந்தாவது ஆள் வழி சொல்லிவிடுவார்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஒரு உற்சவ அம்மன் இருந்தாள். செம்புச் சிலை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அவளைத் தினம் குளிப்பாட்டி உடுத்திவிட்ட குருக்கள் அந்த அதிர்ச்சியில் படுத்தவர் நாலே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து, எங்கோ பிடிபட்ட சிலைகளில் ஒன்று உங்கள் ஊருடையதாக இருக்கலாம், வந்து அடையாளம் சொல்லுங்கள் என்று தகவல் வந்தது. ஊரிலிருந்து ஐந்து ஆண்கள் தஞ்சாவூர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஐவரில் சின்னவன் நான். வயது இருபத்தைந்து.

ஒரு மேசை மேல், ட்யூப் லைட் வெளிச்சத்தில் அவளை நிற்க வைத்திருந்தார்கள். உடம்பில் ஒரு நூல் கிடையாது. எங்கள் ஊரில் அம்மனை அப்படி யாரும் பார்த்ததில்லை. திரை போட்டுத்தான் அலங்காரம் நடக்கும். அபிஷேகத்தின்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். எங்களுக்குத் தெரிந்த அம்மன் பட்டுப்புடவையும் ஆளுயர மாலையும் நகையுமாக, சப்பரத்தில் அகலமாக நிற்பவள். இங்கே நின்றது இரண்டடிச் சொச்சம் உயரத்தில், ஒல்லி இடுப்போடு, அழகான ஒரு பெண். ஐந்து ஆண்களும் கூச்சத்தில் தரையைப் பார்த்தோம். முகத்தையாவது ஒழுங்காகப் பார்த்தோமா என்றால் சத்தியமாக இல்லை. ஊர்ப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது எங்களுடையது இல்லை, எங்கள் அம்மன் இன்னும் பெரியவள் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கல்லூரி படித்தவன், கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும் என்பதால் வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். கீழே ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். உரிமை கேட்க ஆள் இல்லாத அந்தச் சிலை தஞ்சாவூரில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

ஊருக்குத் திரும்பியதும் என் அக்கா வசந்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. அம்மனுக்கு வெள்ளிக்கிழமைப் பூமாலை கட்டியது அவள்தான். "ஒரு மாலையாவது போட்டுப் பாத்தீங்களா தம்பி?" என்றாள். நாங்கள் சிரித்தோம். போலீஸ் மேசையில் போய் மாலை போட்டுப் பார்ப்பதாம் என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பத்துப் பதினைந்து வருஷம் கழித்துக் கோவையில் வேறொரு கோயிலில், திரையை மூட மறந்துவிட்டார்களோ என்னவோ, அலங்காரம் கலைப்பதைப் பார்க்க நேர்ந்தது. புடவையும் மாலையும் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, அவ்வளவு பெரிய அம்மன் ஒரு குழந்தை உயரத்துக்கு வந்து நின்றாள். மேசைமேல் நின்றவள் ஞாபகத்துக்கு வந்தாள். அன்றைக்கே தஞ்சாவூருக்கு ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம். தெரிந்துவிட்டால் ஊருக்கு என்ன பதில் சொல்வது?

இந்த வலைப்பூவைப் படிக்கும் ஒருவர், போன கார்த்திகையில் ஒரு பின்னூட்டம் போட்டிருந்தார். தஞ்சாவூரில் ஒரு அருங்காட்சியகத்தில் சிலைகளைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட்டார்கள், திரையில் தொட்டால் சிலை சுற்றுகிறது, பொத்தானை அழுத்தினால் புடவை கட்டி மாலை போட்டு ஊர்வலக் கோலத்தில் வந்து நிற்கிறது, அவசியம் போய் எழுதுங்கள் என்று. மாலை என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. இரண்டு மாதம் அதையும் தள்ளிப் போட்டு, பிறகு டிக்கெட் எடுத்தேன்.

கோவையில் காலை ஏழேகாலுக்குக் கிளம்பும் ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை நூற்று அறுபத்தைந்து ரூபாய். இடது பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள், கரூர் தாண்டியதும் காவிரி கூடவே வரும். திருச்சியில் பாதி ரயில் காலியாகும், அப்போது காலை நீட்டிக்கொள்ளலாம். பூதலூரைக் கடக்கையில் இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. அறுவடை மெஷின் போன வயலில் வைக்கோலும், போகாத வயலில் சாய்ந்த கதிருமாக, இந்தப் பக்கம் வெளுப்பு, அந்தப் பக்கம் பொன். எதிர் இருக்கைக்காரர் மேட்டூரில் அடுத்த வாரம் தண்ணீர் நிறுத்தப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். காதில் ஒன்றும் ஏறவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குத் தஞ்சாவூர். பத்து நிமிஷத் தாமதம்தான். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்கு நூற்று இருபது கேட்டு எண்பதில் முடிந்தது, தூரம் இரண்டரை கிலோமீட்டர். ஓட்டுநருக்கு நான் சொன்ன இடம் பிடிக்கவில்லை. "அங்க சும்மா சிலைதான் சார் நிக்கும். பெரிய கோயிலுக்கே போயிடலாமே," என்றார். கோயிலுக்கு நாளைக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். அங்கேயே ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, நூற்று இருபது ரூபாய். வத்தக்குழம்பு நன்றாக இருந்திருக்க வேண்டும், பக்கத்து இலைக்காரர் இரண்டு தரம் வாங்கினார்.

அருங்காட்சியகக் கட்டணம் பெரியவர்களுக்கு ஐம்பது ரூபாய். கைபேசியில் படமெடுக்கத் தனியாக ஐம்பது. ஒன்றேகாலுக்கு உள்ளே போனேன். முதல் இரண்டு கூடங்கள் நாம் எல்லோரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்த மாதிரிதான். முதுமக்கள் தாழி, கை உடைந்த கற்சிலை, மங்கலான எழுத்தில் ஒரு அட்டை. மூன்றாவதுதான் புதுக்கூடம். வெளிச்சம் குறைத்து, கதவு உயரத்தில் ஐந்து திரைகள். ஒவ்வொரு திரைக்கும் எதிரே கண்ணாடிக்குள் அசல் சிலை. சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதே சிலை திரையில் காத்திருக்கிறது. விரலால் இழுத்தால் சுற்றுகிறது. முதுகு, பின்னல், காலடியில் வார்ப்புக்காரன் விட்ட தழும்பு என்று கண்ணாடிப் பெட்டி மறைத்த எல்லாம் தெரிகிறது. கீழே நாலு பொத்தான்கள். முதல் மூன்றும் வெளிச்சத்துக்கு: பகல், விளக்கு, தீவட்டி. தீவட்டியை அழுத்தினால் வெளிச்சம் ஆடுகிறது, கன்னத்தில் நிழல் ஓடுகிறது, சிலை மூச்சு விடுவது போல் இருக்கிறது. நாலாவது பொத்தான் அலங்காரம்.

ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் முதல் திரையை மொய்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் வரிசை வரிசை என்று கத்திக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போய் நாலாவதில் நின்றேன்.

"பார்வதி. செம்பு. ஊர் தெரியவில்லை."

அட்டையில் அவ்வளவுதான். அந்த மூன்றாவது வாக்கியத்தை எழுத வைத்தவன் நான். மேசைமேல் பார்த்த சிலைதான் என்பதில் சந்தேகமில்லை, ஒல்லி இடுப்பு நினைவிருந்தது. ஆனால் எங்கள் அம்மன்தானா? இந்த முறை கூச்சப்படாமல் முகத்தைப் பார்த்தேன். தெரிந்த முகம் போலவும் இருந்தது, தெரியாத முகம் போலவும் இருந்தது. திரைக்குத் திரும்பி அலங்காரத்தை அழுத்தினேன். அரக்குப் பட்டு மடிப்பு மடிப்பாக வந்து சுற்றியது. அட்டிகை, ஒட்டியாணம், கடைசியில் ரோஜாவும் சம்பங்கியுமாக ஒரு மாலை. அழகாகத்தான் இருந்தது. ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி அசையாமல் நின்றது. நாற்பது நிமிஷம் நின்று பார்த்தேன். ஆமாம் என்று மனசு சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரே பொத்தானை ஒரு ஆள் நாற்பது நிமிஷமாக அழுத்திக்கொண்டிருந்தால் யாராவது வரத்தானே செய்வார்கள்? பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். தலையில் முக்காடு, கழுத்தில் அடையாள அட்டை. திரை மாட்டிக்கொண்டதா என்று கேட்டார். இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்றேன். பெயர் நஸ்ரீன், சொந்த ஊர் அய்யம்பேட்டைப் பக்கம், இந்தச் சிலைகளைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய குழுவில் அலங்காரம் மொத்தமும் அவர் பொறுப்பு. ஒரு சிலைக்கு நானூறு ஐந்நூறு படம் சுற்றிச் சுற்றி எடுத்து, அத்தனையையும் சேர்த்து ஒரே உருவமாக்குவார்களாம். புடவை கட்டும் முறையைக் கும்பகோணத்தில் ஒரு குருக்களிடம் போய்ப் பித்தளைக் குடத்துக்குக் கட்டிக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டாராம். "துணி எங்க வீட்டு வேலை சார். அத்தா ஜவுளிக்கடை வச்சிருந்தாங்க, அப்புறம்தான் சவுதி போனாங்க. மடிப்பு எங்க விழும்னு எனக்குப் பாத்தாலே தெரியும்," என்றார்.

பேச்சை வளர்க்க வேண்டும் என்பதற்காக, இந்த அம்மனுக்கு எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"இதுவா? இதுதான் சார் என்னைப் படுத்தி எடுத்துச்சு. மாலைக்கு எடை குடுத்து மேல விட்டுடுவோம், அதுவா போய் உக்காரணும். மத்த நாலு சிலைக்கும் உக்காந்துச்சு. இதுக்கு மட்டும் இடது தோள்ல நிக்கவே மாட்டேங்குது. வழுக்கி முழங்கைக்கு வந்துடுது. மூணு நாள் போராடிட்டு, கடைசில கண்ணுக்குத் தெரியாம ஒரு ஊசி குத்தி நிறுத்திட்டேன்."

இடது தோளா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

எங்கள் அம்மன் மாலையைத் தள்ளுவாள். ஊரில் பால் குடிக்கும் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். சப்பரம் நாலு அடி போவதற்குள் இடது பக்க மாலை சரிந்து முழங்கையில் தொங்கும். குருக்கள் ஏறிச் சரி செய்வார், மறுபடி சரியும். கடைசியில் வாழைநாரை நனைத்து அக்குளோடு சேர்த்துக் கட்டுவார். கல்யாணத்தில் மாலையைக் கழற்றிக் கழற்றி வைக்கும் பெண்ணைப் பார்த்தால், நம் அம்மன் மாதிரி தள்ளுறா பார் என்று எங்கள் ஊரில் கேலி செய்வார்கள். இதை அந்த வாக்குமூலத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அங்க அடையாளம் என்ன என்று கேட்டார்கள். இது அங்கத்தில் சேர்த்தியா என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

நஸ்ரீனிடம் அந்த ஊசியை எடுத்துவிட்டு ஒரே ஒரு தரம் காட்ட முடியுமா என்று கேட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, ஏன் என்று கேட்காமல் உள்ளே அழைத்துப் போய் மடிக்கணினியைத் திறந்தார். பட்டு வந்தது, நகை வந்தது. மாலை மேலிருந்து இறங்கி இரண்டு தோளிலும் உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழில் இடது பக்கம் மெல்ல நகர்ந்தது. ஒன்பதில் தோள் விளிம்பைத் தாண்டியது. பதினொன்றில் முழங்கையில் வந்து தொங்கியது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, இது எனக்கு வேண்டாம் என்பது போல் நின்றாள். அகலமாக, பெரியவளாக, எங்கள் தெருவில் நின்ற மாதிரியே நின்றாள்.

நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நஸ்ரீன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். குடித்துவிட்டு, வாக்குமூலம் எழுதியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடது தோளைப் பெரிதாக்கிக் காட்டினார். வலது தோளில், சிலையிலேயே வார்த்திருக்கும் நகையின் நுனி சின்ன முகடாக நிற்கிறது, மாலை அதில் சிக்கி நின்றுவிடும். இடது தோளில் அந்த முகடு தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. நனைத்த நாரை வைத்துக் கட்டிக் கட்டி எங்கள் குருக்கள் பரம்பரையே அதைத் தேய்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மாலை நழுவ நழுவக் கட்டினார்கள், கட்டக் கட்ட இன்னும் நழுவியது.

காப்பாளரைப் பார்க்க அழைத்துப் போனார். நல்ல மனிதர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் புரியுதுங்க. ஆனா மாலை நழுவுச்சுன்னு நான் எப்படி ஃபைல்ல எழுதுவேன்? உங்க அஞ்சு பேர் கையெழுத்துல இல்லைன்னு ஒரு பேப்பர் இருக்கே," என்றார். என்னுடைய குண்டு குண்டான கையெழுத்து அந்த ஃபைலில் இன்னும் பளிச்சென்று இருக்குமாம், எடுத்துக் காட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். புதிதாக மனு கொடுங்கள், திருட்டுப் போவதற்கு முன் எடுத்த படம் ஏதாவது இருந்தால் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

படத்துக்கு எங்கே போவது? கோயிலுக்குள் படமெடுக்க எங்கள் ஊரில் எப்போதும் விட்டதில்லை. உடுத்திய படமாக இருந்தாலும் பரவாயில்லை என்றார் நஸ்ரீன். படம் எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டதோ அதே கோணத்துக்குக் கம்ப்யூட்டரில் சிலையைத் திருப்பி, முகத்தின் மேல் முகத்தை வைத்துப் பார்க்கலாமாம். அன்றைக்கு ஐந்து பேரின் கண்ணால் முடியாதது இப்போது முடியும். மாலை நழுவும் காட்சியைக் கைபேசியில் பதிந்து கொடுத்தார்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர். நாலரை மணி டவுன் பஸ், பதினைந்து ரூபாய், ஐம்பது நிமிஷம். சங்கீத உற்சவம் நடக்கும் நாட்களாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று வரிசையாகப் பாலம் வரும், கடைசியில் காவிரி. சின்ன வயதில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு விரலை மடக்குவேன், ஐந்தாவது விரல் மடங்கினால் ஊர் வந்தாயிற்று. அன்றைக்கும் மடக்கினேன். சாலையில் பாதியை நெல்லுக்குக் கொடுத்துவிட்டு மீதியில் பஸ் போனது. திருவையாற்றிலிருந்து எங்கள் ஊருக்கு மினி பஸ், ஆறு கிலோமீட்டர், பத்து ரூபாய்.

போய்ச் சேரும்போது ஆறு மணி. அத்தான் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் இருந்தார். அக்கா கூடத்தில் உட்கார்ந்து மறுநாள் மாலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வயது. அம்மன் போன பிறகும் ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்லை. கோயிலில் அம்மன் நின்ற இடத்துக்கு மேலே சுவரில் ஒரு ஆணி இருக்கிறது, மாலை அதில் தொங்கும். பக்கத்தில் சுவாமி தனியாக நிற்பார்.

கைபேசியை அவள் முன் பிடித்தேன். பூவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பட்டு வந்தது, நகை வந்தது, மாலை இறங்கியது. மாலை நகர ஆரம்பித்ததும் அக்காவின் கை தானாக நீண்டது. திரையில் இடது தோளில் விரலை வைத்து மேலே தள்ளினாள். காட்சி நின்றுவிட்டது. விரலை எடுக்காமல் கேட்டாள்.

"நார் வச்சுக் கட்டலையா தம்பி?"

நீ அன்றைக்கே சொன்னாயே அக்கா, நாங்கள் சிரித்தோமே என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னாள். அதற்கப்புறம் இன்னொரு தரம். ஆறோ ஏழோ தரம் பார்த்த பிறகு, "அங்க வெள்ளிக்கிழமைக்கு யாரு மாலை போடுறாங்க?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை. அந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. விளக்கை அணைத்துக் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். இருபத்தாறு வருஷ வெள்ளிக்கிழமை, பத்தொன்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அம்மனும் இந்தப் பக்கம் ஆணியில் ஒரு மாலையும். நடுவில் இருந்தது என் கையெழுத்து ஒன்றுதான். அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு எழுந்து வெளியே போய் நிற்க வேண்டியிருந்தது.

படம் அக்காவின் பீரோவிலேயே இருந்தது. அவளுடைய கல்யாண ஆல்பம். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் கோயில் வாசலில் நிற்க, பின்னால் அன்று புறப்பாடு கண்ட சப்பரம். நாற்பது வருஷமாக அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அக்காவைப் பார்த்தார்கள், அத்தானைப் பார்த்தார்கள், பின்னால் யாரும் பார்க்கவில்லை. அம்மனின் கன்னம் வரைக்கும் தெளிவாக இருக்கிறது. மோவாயை அத்தானின் தலைப்பாகை மறைக்கிறது. அத்தான் வந்ததும் அக்கா அவரை ஒரு பிடி பிடித்தாள், கொஞ்சம் தள்ளி நின்றிருக்கக் கூடாதா என்று. பாவம், அவருக்கு எந்தப் படம் என்றே புரியவில்லை. படத்திலும் அம்மனின் மாலை இடது முழங்கையில் தொங்குகிறது.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஊரில் அலைந்தேன். அன்று கையெழுத்துப் போட்ட ஐவரில் என்னையும் சேர்த்து மூவர் இருக்கிறோம். மற்ற இருவருக்கும் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பேனாவைக் கேட்டார். இன்னொருவர் நாம பாக்கவே இல்லைய்யா என்று மட்டும் சொன்னார். பழைய வாக்குமூலம் தவறு என்று மூவரும் எழுதிக்கொடுத்தோம். இதையும் நான்தான் எழுதினேன். கையெழுத்து இந்த முறை அவ்வளவு அழகாக வரவில்லை.

சனிக்கிழமை காலை அருங்காட்சியகம் திறந்ததும் மனுவையும் படத்தையும் கொடுத்துவிட்டு மதிய ரயிலைப் பிடித்தேன். பத்து நாள் கழித்து நஸ்ரீனிடமிருந்து செய்தி வந்தது. நெற்றி, புருவம், மூக்கு, காதணி எல்லாம் தலைப்பாகைக்கு மேலே ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்துகிறதாம். அதை அச்செடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறார்கள். இது போதுமா என்று காப்பாளருக்கே தெரியாது, மேலே அனுப்பியிருக்கிறார். சரி என்று வந்தாலும் கோயிலில் பாதுகாப்பு அறை கட்டினால்தான் தருவார்களாம். எத்தனை மாதம், எத்தனை வருஷம், யாரும் சொல்லவில்லை. அக்கா வாரம் ஒரு தரம் போன் செய்து ஏதாவது வந்ததா என்று கேட்கிறாள். எனக்கு ஒவ்வொரு தரமும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தண்ணீரையும் பச்சையையும் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். தை மாசி என்றால் அறுவடையும் தூசியும்தான், எனக்கு அதுவும் பிடிக்கும். அருங்காட்சியகம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, வெள்ளி விடுமுறை. பள்ளிக்கூடக் கூட்டம் இரண்டரை மணிக்குமேல் கலைந்துவிடும், அப்போது போனால் திரை உங்களுக்கு மட்டும். தாராசுரத்தையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் அதை மறுநாளைக்கு வையுங்கள், இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் இரண்டும் மனசில் நிற்காது. தஞ்சாவூரில் இரண்டு பேர் தங்க ஓரளவு நல்ல அறை ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இன்னொன்று, உங்கள் ஊர்க் கோயிலில் திருட்டுப் போன சிலை ஏதாவது இருந்தால் கல்யாண ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள்.

கடைசியாக, நாலாவது திரையைப் பற்றி. நஸ்ரீன் அந்த ஊசியை எடுத்துவிட்டார். அலங்காரத்தை அழுத்திவிட்டுப் பதினொன்று எண்ணுங்கள், இடது பக்க மாலை சரிந்து முழங்கைக்கு வந்துவிடும். கோளாறு என்று நினைத்து இரண்டு பேர் ஏற்கெனவே பார்வையாளர் புத்தகத்தில் புகார் எழுதியிருக்கிறார்களாம். தயவுசெய்து நீங்களும் எழுதாதீர்கள். அவள் அப்படித்தான்.